தலவாக்கலை ஃபொரஸ்டரும் காணாமல்போன ஒரு போல்ட்டும்

வண்டியும் முறைப்பாடும்

2004ஆம் ஆண்டு சுபாரு ஃபொரஸ்டர். எஸ்ஜி5 வகை, 2 லீட்டர் டர்போ எஞ்சின், 4 கியர் ஓட்டோமெட்டிக். ஜப்பானில் ஓடிவிட்டு இலங்கைக்கு வந்த வண்டி. கம்பனிக் கணக்கில் 220 குதிரைத் திறன். மலைநாட்டில், தலவாக்கலையில் இருக்கும் என் அக்காவின் கணவர் இரண்டாம் கையாக வாங்கியது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்தது. இடையில் இருபது வயது வண்டிகள்கூட நம்ப முடியாத விலைக்குப் போயின. அதனால் வண்டியை மாற்றும் யோசனையே மச்சானுக்கு இல்லை. இருப்பதைச் சரிபண்ணி ஓட்டவேண்டும், அவ்வளவுதான்.

முறைப்பாடு மூன்று. காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சினின் பின்பக்கத்திலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வரும், சூடேறினால் குறைந்துவிடும். ஏற்றத்தில் மிதித்தால் அதே இடத்திலிருந்து 'உஸ்ஸ்' என்று காற்று போகும். இரண்டாவது, நுவரெலியாப் பக்கம் போகும்போது கண்ணாடியை ஏற்றி ஹீட்டரைப் போட்டால் உள்ளே புகை வாடை. பின் சீட்டில் பிள்ளைகளுக்குத் தலைவலி. மூன்றாவது, வண்டி முன்போல இழுப்பதில்லை.

மச்சான் ஏற்கெனவே ஒரு கராஜுக்குக் காட்டியிருந்தார். பொனெட்டைத் திறந்து சத்தத்தைக் கேட்டதுமே "டர்போ போயிட்டு, மாத்தணும்" என்று சொல்லி ஒரு தொகையும் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தொகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு போன் வந்தது.

மூன்றில் என்னை அவசரப்படுத்தியது இரண்டாவதுதான். இந்த எஞ்சினில் டர்போ இருப்பது பின்பக்கம் வலது மூலையில். அதற்குச் சற்று மேலே, முன் கண்ணாடியின் அடியில்தான் ஹீட்டருக்கான வெளிக்காற்று உள்ளே போகும் வாய். டர்போவுக்கும் அதன் புகைப் பைப்புக்கும் இடையில் கசிந்தால் புகை நேரே அந்த வாய்க்குப் போகும். மூக்குக்குத் தெரிவது எரியாத பெட்ரோலின் வாடை. கூடவே வரும் காபனோரொட்சைட்டு (கார்பன் மொனொக்சைட்) என்ற நச்சு வாயுவுக்கு வாடையே கிடையாது. அது இரத்தத்தில் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கொழும்பில் ஏசி இல்லாத வண்டியில் கண்ணாடி எப்போதும் இறங்கியிருக்கும். நம்ம பக்கம் பனியிலும் தூறலிலும் ஏற்றிவைத்துத்தான் ஓட்டுகிறோம். அதனால் முதல் நாளே சொல்லிவிட்டேன்: வேலை முடியும்வரை பிள்ளைகளை இந்த வண்டியில் ஏற்றவேண்டாம், மச்சான் ஓட்டினாலும் கண்ணாடியை இறக்கியே ஓட்டவேண்டும்.

டர்போவா, இல்லையா

டவுன்பைப் என்பது டர்போவை விட்டு வெளியே வரும் புகையை வாங்கி, வண்டிக்கு அடியில் கொண்டுபோகும் முதல் பைப். புகையின் நச்சைக் குறைக்கும் கெட்டலிட்டிக் கொன்வெர்ட்டர், நம்ம ஆட்கள் சொல்லும் 'கெட்', இந்த வண்டியில் அதற்குள்தான் இருக்கிறது. சைலன்சர் கடைகளில் இதையும் சேர்த்து எல்லாவற்றையும் சைலன்சர் என்றே சொல்லிவிடுவார்கள். மற்றப் பைப்புகளைப் போல இது சும்மா தொங்கும் பொருள் இல்லை. ஏற்றத்தில் மிதிக்கும்போது டர்போவுக்குள் நுழையும் புகை 800 பாகை செல்சியசைத் தாண்டும். வெளியே வரும்போது கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

டர்போ போனதா என்று பார்க்க அதைக் கழற்றவேண்டியதில்லை. காற்று உள்ளே வரும் ரப்பர் ஹோஸை எடுத்துவிட்டு, எஞ்சின் ஆறியிருக்கும்போது டர்போவுக்குள் சுற்றும் சில்லை விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருந்தது. ஒயில் படலத்தில் மிதக்கும் தண்டுக்கு அது இருக்கவே வேண்டும். முன்னும் பின்னும் ஆட்டம் இல்லை. சில்லின் இதழ் சுவரில் உரசிய தடம் இல்லை. டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸுக்குள் வழக்கமான ஈரம் மட்டும், ஒயில் தேங்கி நிற்கவில்லை. காலையில் நீலப் புகையும் வரவில்லை. இவ்வளவும் நல்லாயிருக்கும்போது டர்போமேல் பழிபோட இடமில்லை.

இன்னொரு விஷயமும் டர்போவுக்குச் சாதகமாக இருந்தது. டர்போவுக்கு முன்னால் கசிந்தால் சில்லைச் சுற்றவேண்டிய புகை வீணாகி பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், குறையும். டர்போவுக்குப் பின்னால் கசிந்தால் பூஸ்ட் குறையாது. புகைக்கு வெளியே போக இன்னொரு வழி கிடைத்த மாதிரிதான். தற்காலிகமாகக் கட்டிய பூஸ்ட் மீட்டரில் முள் ஒழுங்காக ஏறியது. ஆகவே கசிவு டர்போவுக்குப் பின்னால். அப்படியென்றால் 'வண்டி இழுக்கவில்லை' என்ற முறைப்பாட்டுக்குக் கசிவு காரணமாக இருக்க முடியாது, அதற்கு வேறு காரணம் தேடவேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் அந்த கராஜ் செய்த வேலை.

இழுவைக்கான காரணம் பெட்ரோல் பற்றுச்சீட்டில் கிடைத்தது. விலை பார்த்து மச்சான் கொஞ்ச காலமாக 92 ஒக்டேன் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார். ஜப்பானில் இந்த எஞ்சின் 100 ஒக்டேன் பெட்ரோலுக்குச் செய்யப்பட்டது. குறைந்த ஒக்டேனில் பெட்ரோல் நேரம் தவறி வெடித்து எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும், அதுதான் நொக். நொக் சென்சர் அதைக் கேட்டதும் கம்பியூட்டர் ஸ்பார்க் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடும். எஞ்சின் பிழைத்துக்கொள்ளும், இழுவை போய்விடும். 95க்கு மாறச் சொன்னேன். பைப்பில் கைவைக்கும் முன்னாலேயே, சில டாங்கிகளுக்குள், ரதல்ல குறுக்கு வீதியில் வித்தியாசம் தெரிகிறது என்று மச்சான் சொல்லிவிட்டார்.

கசியும் இடத்தைக் காண எஞ்சினை ஓட்டத் தேவையில்லை. வேக்கூம் கிளீனரின் காற்றைத் தள்ளும் வாயில் ஹோஸை மாட்டி, சைலன்சர் வாய்க்குள் வைத்துத் துணியால் சுற்றி அடைத்துவிட்டு ஓன் பண்ணினோம். பொனெட் பக்கம் சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்தபோது, டவுன்பைப் டர்போவோடு சேரும் மேல் தட்டின் அடிவிளிம்பில் நுரை பொங்கி வந்தது. டோர்ச் அடித்துச் சின்னக் கண்ணாடியில் பார்த்தால், கசிவு கேஸ்கெட் இருக்கும் இடத்தில் இல்லை. தட்டையும் பைப்பையும் ஒட்டிய வெல்டிங் ஓரத்திலேயே வெடிப்பு. சூட்டை மறைக்கும் தகடான ஹீட் ஷீல்டின் உட்பக்கம் விசிறி போல ஒரு கரித்தடம். சூடேறினால் சத்தம் குறைவதற்கும் இதுவே விளக்கம்: உலோகம் விரிந்து வெடிப்பை மூடிவிடுகிறது. சத்தம் குறைந்தது என்று நிம்மதியாக இருக்க முடியாது, மிதித்தால் மறுபடி திறக்கும்.

எந்தப் பைப் போடுவது

வெல்டிங் அடித்தால் போதாதா என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வெல்டிங் அடிக்கவும் பைப்பைக் கழற்றித்தான் ஆகவேண்டும். பாதி வேலை அதுதான். அதோடு களைத்துப்போன மெல்லிய தகட்டில் ஒட்டினால், ஒட்டின இடம் நிற்கும், பக்கத்தில் கிழியும். டிக் (TIG) வெல்டிங் நன்றாகத் தெரிந்த ஒருவர் கையில் கொடுத்து, வெடிப்பின் முனையில் துளைபோட்டு நிறுத்தி, உள்ளே காஸ் கொடுத்து ஒட்டினால் கொஞ்ச காலம் ஓடும். அப்படிப்பட்ட ஆள் பக்கத்தில் இல்லை.

இரண்டாவது யோசனை மச்சானின் நண்பர்களுடையது. "கெட்டைத் தூக்கிட்டு மூணு இஞ்ச் பைப் போடு, வண்டி பறக்கும்." மகாகஸ்தோட்டையில் 1934 முதல் வண்டிகளின் மலையேற்றப் பந்தயம் நடக்கும் ஊர்ப்பக்கத்தில் இந்தப் பேச்சு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பந்தய வண்டிக்கு அது சரியான யோசனையும்கூட. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் வண்டிக்கு இல்லை. காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும்.

டர்போவின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது வேஸ்ட்கேட் என்ற சின்னக் கதவு. பூஸ்ட் போதும் என்றானதும் அது திறந்து, புகையில் ஒரு பங்கைச் சில்லைத் தொடாமல் வெளியே விட்டுவிடும். கம்பனி போட்ட கதவு, கம்பனி போட்ட பைப்பின் தடைக்கு அளவெடுத்தது. வெளியே தடை திடீரெனக் குறைந்தால் சில் இன்னும் வேகமாகச் சுற்றும், அந்தச் சின்னக் கதவு முழுவதும் திறந்தாலும் போதாது. பூஸ்ட் தன்பாட்டில் ஏறும். ஓரளவுக்கு மேல் போனால் கம்பியூட்டர் பெட்ரோலை வெட்டிவிடும். வண்டி யாரோ பின்னால் இழுத்த மாதிரி குலுங்கி நிற்கும். நானுஓயா வளைவில் ஒரு பஸ்ஸை முந்தும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒழுங்காக ட்யூன் செய்யாமல் பெரிய பைப் போடக்கூடாது என்பது இதனால்தான்.

மலையில் இதற்கு இன்னொரு கோணமும் உண்டு. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபஸ்கல். 1,200 மீட்டர் உயரத்தில் சுமார் 88. நுவரெலியாவின் 1,868 மீட்டரில் 81 அளவில். மீட்டரில் 80 கிலோபஸ்கல் பூஸ்ட் என்று வையுங்கள். நுவரெலியாவில் எஞ்சினுக்குள் போவது மொத்தம் 161. அதே 80ஐக் கொழும்பில் காட்டினால் உள்ளே போவது 181. பூஸ்டைக் கையால் திருகும் கொன்ட்ரோலர் போட்டு, நுவரெலியாவில் ஓட்டிப் பார்த்து "ஒரு பிரச்சினையும் இல்லை" என்று முடிவுகட்டிய வண்டிக்கு, கொழும்புக்கு இறங்கினதும் எட்டில் ஒரு பங்கு கூடுதல் காற்று. அங்கே சூடும் கூட. நொக் வர இதைவிட நல்ல வழி இல்லை.

அப்புறம் புகைப் பரிசோதனை. 2008இல் தொடங்கிய திட்டம். வருடா வருடம் அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. கெட் இல்லாத வண்டி சில வேளை எல்லைக்குள் தப்பிவிடும் என்பது தெரியும். தப்பினாலும் பின்னால் நடந்துபோகும் பிள்ளைக்கு அந்தப் புகை குறைந்துவிடாது.

அதனால் கம்பனிப் பைப்தான், பாவித்ததாக இருந்தாலும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினோம். கடையில் நின்று பார்க்கவேண்டியவை: தட்டின்மேல் உருக்கு அடிமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தால் இடைவெளி தெரியக்கூடாது. கெட்டைத் தட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வரக்கூடாது. டோர்ச் அடித்தால் தேன்கூட்டுக் கண்கள் உருகாமல், அடைபடாமல் தெரியவேண்டும். ஒட்சிசன் சென்சர் இறங்கும் மரை நன்றாக இருக்கவேண்டும். வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் ஸ்டியரிங் தண்டு இந்தப் பைப்பை உரசாத குறையாகத்தான் போகிறது. ஆகவே இடப்பக்க ஸ்டியரிங் வண்டிக்குச் செய்த சந்தைப் பைப்பை நம்பி வாங்கவேண்டாம். ஓட்டோ கியர், மெனுவல் கியர் வண்டிகளுக்கு, பைப்பை நடுவில் பிடிக்கும் தாங்கி வரும் இடம் மாறலாம் என்பதால், பழைய பைப்பைப் படம் எடுத்து, தட்டிலிருந்து தாங்கி வரையுள்ள தூரத்தையும் அளந்து கொண்டுபோனோம்.

இந்த அளவெடுக்கும் வேலையில்தான் விஷயம் பிடிபட்டது.

தாங்கி

டவுன்பைப் மேலே டர்போவோடு ஐந்து இடத்தில் இறுகும். பின்னால் நடுப் பைப்போடு சேரும். இடையில், கியர்பொக்ஸின் பக்கத்தில், ஒரு தகட்டுத் தாங்கியில் ஒரு போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கும். மச்சானின் வண்டியில் அந்த போல்ட் இல்லை. அதன் துளைக்குள் சேறு காய்ந்து கல்லாக இறுகிக் கிடந்தது. நேற்று முந்தாநாள் விழுந்ததில்லை. முன்னைய உரிமையாளர் காலத்தில் கியர்பொக்ஸ் ஒருமுறை இறக்கப்பட்டது என்று கையில் இருந்த பழைய பில்லில் இருக்கிறது. திருப்பி ஏற்றியவர் அந்த போல்ட்டைப் போடவில்லை என்றுதான் நினைக்கிறேன். துளையின் மரை ஒரு கீறலும் இல்லாமல் இருந்ததால், தானாகக் கழன்று விழுந்திருக்கவும் இடம் இருக்கிறது. எப்படியானாலும் நீண்ட நாள் அது இல்லாமலேயே வண்டி ஓடியிருக்கிறது.

ஒரு போல்ட் இல்லாததால் பைப் வெடிக்குமா? கணக்குப் பாருங்கள். சாதாரண எக்சோஸ்ட் ஸ்டீல் ஒரு மீட்டருக்கு, 500 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் நீளும். 304 ஸ்டெயின்லெஸ் என்றால் 8 மில்லிமீட்டருக்கு மேல். ஒவ்வொரு ஓட்டத்திலும் நீண்டு சுருங்கும் ஒரு பாரமான பைப் இது, நடுவில் கெட்டும் இருக்கிறது. தாங்கி இருந்தால் எடையை கியர்பொக்ஸ் வாங்கிக்கொள்ளும். எஞ்சினும் கியர்பொக்ஸும் பைப்பும் ஒன்றாகவே ஆடும். தாங்கி இல்லையென்றால் நடுவில் பிடி இல்லாத பைப் ஒவ்வொரு குழியிலும் குதிக்கும், அந்த ஆட்டம் முழுவதும் மேல் தட்டின் வெல்டிங்கில் வந்து முடியும். வண்டி தினமும் ஏறி இறங்குவது மெயின் வீதியிலிருந்து தோட்டத்து டிவிசனுக்குப் போகும் கல்லுப் பாதை.

கழற்றிய பிறகு வெடிப்பு இதை உறுதிப்படுத்தியது. பைப்பின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்குப் பிளந்திருந்தது. ஆரம்பித்த இடத்தில் முறிந்த முகம் கறுத்து, கரி ஏறி இருந்தது. அதற்கு அடுத்த பகுதி பழுப்பு. கடைசி நுனி மட்டும் புதிதாக முறிந்த இரும்பின் சாம்பல் பளபளப்பு. ஒரே அடியில் முறிந்திருந்தால் முகம் முழுவதும் ஒரே நிறமாக இருக்கும். இது ஆட ஆட, படிப்படியாக வளர்ந்தது. அதுவும் அடிப்பக்கத்தில்.

கராஜ் சொன்னபடி டர்போவை மாற்றியிருந்தால், அதே பைப்பைத் திரும்பப் பூட்டியிருப்பார்கள், சத்தமும் அப்படியே இருந்திருக்கும். பைப்பை மட்டும் மாற்றியிருந்தால் கொஞ்ச காலம் நன்றாக ஓடி, புதுப் பைப்பும் அதே இடத்தில் வெடித்திருக்கும். அந்த எம்10 போல்ட் ஹட்டன் ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் சாமான்.

கழற்றிய கதை

இடம் முதல் பிரச்சினை. நம்ம பக்கம் வீட்டு முற்றம் என்றால் அதுவும் ஒரு சரிவுதான். வண்டியை ஜெக்கில் தூக்கி அடியில் படுக்கும் வேலைக்குச் சரிவான தரை கூடவே கூடாது. தென்மேற்கு மழை தொடங்கும் முன், மண் இறுகியிருக்கும் மாதத்தில், கோயிலுக்குப் பக்கத்தில் சீமெந்து போட்ட இடத்தைக் கேட்டு வாங்கினோம். பின் சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை, ஹேண்ட் பிரேக், பார்க்கில் கியர், நான்கு ஸ்டாண்டு. ஸ்டாண்டு வைத்த பிறகு வண்டியைக் கையால் பலமாக ஆட்டிப் பார்த்து, ஆடாவிட்டால்தான் அடியில் போவது. ஜெக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் போகவேண்டாம்.

பேட்டரி வயரை எடுத்துவிட்டு முதலில் இன்டர்கூலர். எஞ்சினின் தலையில் உட்கார்ந்திருக்கும் அதை எடுக்காமல் டர்போ கண்ணுக்கே படாது. சில 12 மில்லிமீட்டர் போல்ட்டுகள், இரண்டு மூன்று ஹோஸ் கிளிப்புகள். திறந்த ஹோஸ் வாய்களைச் சிவப்புத் துணியால் அடைத்தோம். அதற்குள் ஒரு நட் விழுந்தால் டர்போ உண்மையிலேயே போய்விடும். துணி சிவப்பாக இருந்தால் திரும்பப் பூட்டும்போது மறக்காது.

ஹீட் ஷீல்ட் போல்ட்டுகளில் ஒன்று தலையோடு போனது. அது பெரிய விஷயமில்லை. பயம் டர்போவின் ஐந்து 14 மில்லிமீட்டர் நட், போல்ட்டுகள்தான். இருபது வருடமாகச் சூடேறி ஆறிய இரும்பு. டர்போவில் திருகி நிற்கும் தலையில்லாத போல்ட்டான ஸ்டட் அறுந்தால் டர்போவைக் கழற்றித் துளைபோடவேண்டும், அது வேறு கதை. முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைத்திருந்தோம். ஆறு முகச் சொக்கெட், நீள எக்ஸ்டென்ஷன். பன்னிரண்டு முகச் சொக்கெட்டை இதில் போட்டால் நட்டின் மூலை மழுங்கும்.

மேலே இருந்த மூன்று முனகிக்கொண்டே வந்தன. கீழ் இரண்டும் அசையவே இல்லை. பைப்பை ரெஞ்சில் செருகி நீட்டிப் பலம் கொடுக்க நான் ஆயத்தமானபோது பெரியப்பா வந்து நின்றார். தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், வாழ்நாள் முழுக்க இயந்திரம் பார்க்கும் பிட்டராக இருந்தவர். ட்ரையர் அடுப்பின் போல்ட்டுகளைவிடப் பிடிவாதமான போல்ட் எதையும் அவர் பார்த்திருக்க மாட்டார்.

"ஏன் தம்பி அதோட மல்லுக்கட்டுற? சூடு காட்டு, மெழுகு வை, போய் ஒரு டீ குடிச்சிட்டு வா."

"காஸ் லைட் வைக்க இடம் இல்ல பெரியப்பா. பக்கத்துல பிரேக் பைப் போகுது, பெட்ரோல் ஹோஸும் இருக்கு."

"அதுக்கு ஏன் காஸ் லைட்டு? எஞ்சினே சூடு தருமே."

சரிதான். வண்டியை இறக்கி, இன்டர்கூலரை மறுபடி ஏற்றி, பேட்டரி வயரையும் போட்டு, திறந்த வெளியில் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டோம். நிறுத்தித் திரும்பத் திறந்து, நட் சுடும்போதே வெள்ளை மெழுகுதிரியின் நுனியை அதன் அடியில் தொட்டார். மெழுகு உருகி மரைக்குள் உறிஞ்சப்பட்டுப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்பிரே போகாத இடத்துக்கு உருகிய மெழுகு போகிறது, சூட்டுக்கும் ஸ்பிரே போலச் சீக்கிரம் ஆவியாகாது. சிவக்கச் சூடான இரும்பில் மட்டும் வைக்கக்கூடாது, பற்றிக்கொள்ளும். பக்கத்தில் நனைத்த சாக்கும் தீயணைப்புச் சிலிண்டரும் இருந்தன.

வெதுவெதுப்பாக ஆறிய பிறகு, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சிறு தள்ளு, பிறகு தளர்த்தும் பக்கம். 'டக்' என்று துரு உடைந்தது. அப்புறம் கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே என்று போய்வந்து எடுத்தோம். ஒன்றில் நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்தே திருகிக்கொண்டு வந்தது. மரை சுத்தமாக இருந்தது. புது ஸ்டட் போட்டால் சரி.

பின் இணைப்பின் இரண்டு போல்ட்டுகளும் துருப்பிடித்து ஒரே கட்டியாக இருந்தன. அங்கே பெரியப்பாவின் பொறுமைக்கும் வேலை இல்லை. கிரைண்டரால் வெட்டி, மிச்சத்தைச் சுத்தியலால் தட்டி எடுத்தோம். புது போல்ட், புது நட். ஒட்சிசன் சென்சருக்கு ஒரு பக்கம் வெட்டுள்ள 22 மில்லிமீட்டர் சொக்கெட் வேண்டும், வயர் அதற்குள்ளால் வெளியே வரும். சாதாரண ஸ்பேனரால் முயன்றால் வயரைத்தான் முறுக்குவீர்கள். பைப் அடிவழியே வந்தது, இரண்டு பேர் பிடித்து இறக்கினோம்; தனியாகப் படுத்துக்கொண்டு இறக்கினால் நெஞ்சில்தான் விழும்.

பூட்டுதல்

கழற்றுவதற்குச் சொன்ன அளவு பூட்டுவதற்குச் சொல்ல இல்லை. டர்போவின் முகத்தைப் பழைய கேஸ்கெட் கரி இல்லாமல் பித்தளைத் தூரிகையால் தேய்த்தோம். உட்பக்கம் தூள் போகாமல் துணி. வெடிப்புகள் இருக்கின்றனவா என்று வேஸ்ட்கேட் பக்கத்தையும் பார்த்தோம், இருந்தது மெல்லிய மேல்கீறல் மட்டும், இந்த டர்போக்களில் காண்பதுதான். புது உலோகக் கேஸ்கெட், புது ஸ்டட், செப்பு முலாம் பூசிய புது நட். கேஸ்கெட்டில் சிலிக்கன் பூசவேண்டாம். இந்தச் சூட்டில் எரிந்து தூளாகி, கேஸ்கெட் தளர்ந்துதான் போகும். சென்சர் மரையில் மட்டும் சூடு தாங்கும் பசை, நுனியில் ஒரு துளிகூடப் படாமல்.

ஒரே ஒரு ஒழுங்கு முக்கியம். எல்லா இடத்திலும் நட்டுகளைக் கையால் மட்டும் ஓட்டிவிட்டு, பைப்பைத் தன் இயல்பில் உட்காரவிட்டு, தாங்கியின் துளையும் கியர்பொக்ஸ் துளையும் இழுக்காமல் நேர் வருகின்றனவா என்று பார்க்கவேண்டும். பிறகு மேலே டர்போத் தட்டை மாறி மாறி, சுபாரு சொல்லும் 35 நியூட்டன் மீட்டருக்கு. அப்புறம் தாங்கி. கடைசியில் பின் இணைப்பு. பின்பக்கத்தை முதலில் இறுக்கிவிட்டு மேலே வலிந்து இழுத்துப் பூட்டினால், எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன்னாலேயே வெல்டிங்கில் இழுவையை ஏற்றிவிட்டோம் என்று அர்த்தம். தாங்கி போல்ட்டுக்கு ஸ்பிரிங் வொஷர் போட்டு, தலையில் வெள்ளைப் பெயின்ட் கோடு ஒன்றும் இழுத்தோம். கோடு விலகினால் போல்ட் தளர்ந்தது என்று டோர்ச் அடித்தாலே தெரியும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் வெட்டி, தண்டு பைப்பில் படவில்லை என்பதையும் பார்த்தாயிற்று.

ஸ்டார்ட் செய்ததும் புகை கிளம்பியது. கை எண்ணெயும் ஸ்பிரேயும் மெழுகும் எரியும் புகை. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. அந்த வாடை முழுவதும் போகும்வரை ஹீட்டரைப் போடவில்லை. வேக்கூம் கிளீனர், சவர்க்காரத் தண்ணீர் சோதனையைத் திரும்பச் செய்தோம், நுரை வரவில்லை.

அதன் பிறகு

ஓட்டிப் பார்த்தது ஏ7 வீதியில் தலவாக்கலையிலிருந்து நானுஓயா வரை, பிறகு ரதல்ல குறுக்கு வழியாக. காலைக் குளிரில் 'டிக் டிக்' இல்லை, ஏற்றத்தில் 'உஸ்ஸ்' இல்லை. கண்ணாடியை ஏற்றி ஹீட்டரைப் போட்டு, மலிவான ஒரு காபனோரொட்சைட்டு அலாரத்தையும் பின் சீட்டில் வைத்து ஓட்டினோம்; அது வாய் திறக்கவில்லை. இப்படிப்பட்ட வேலைக்குப் பிறகு மூக்கை நம்புவதைவிட அந்த அலாரத்தை நம்பலாம். இழுவையில் பைப்பால் பெரிய மாற்றம் இல்லை. கெட்டுள்ள பழைய பைப்புக்குப் பதில் கெட்டுள்ள இன்னொரு பைப். மாற்றம் இருந்தால்தான் சந்தேகப்படவேண்டும். மச்சானின் நண்பர்களுக்கு இதில் ஏமாற்றம்தான்.

சில சூடேறி ஆறிய சுற்றுகளுக்குப் பிறகு, முழுவதும் ஆறிய எஞ்சினில் ஐந்தையும் மறுபடி 35க்குப் பார்த்தோம். ஒன்று கொஞ்சம் திரும்பியது. புதுக் கேஸ்கெட் அமுங்கி உட்காரும்போது இது நடக்கும், அதனால் இதைச் செய்யாமல் வேலை முடிந்தது என்று சொல்லக்கூடாது. புகைப் பரிசோதனையில் ஐட்லிலும் 2500 சுற்றிலும் சிக்கலில்லாமல் தேறியது.

மீதி ஒன்று இருக்கிறது. எஞ்சினின் பிச் மவுண்ட், கியர்பொக்ஸை மேலே பிடிக்கும் அந்த ரப்பர் தண்டு, விரலால் அழுத்தினால் பிளவு தெரிகிறது. அது தளர்ந்தால் ஓன் பண்ணி மிதிக்கும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் பின்னுக்குச் சாயும், பைப்பும் சேர்ந்து சாயும். புதிதுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். வந்ததும் அதை மாற்றிவிட்டு, தாங்கியின் வெள்ளைக் கோட்டையும் அதே நாளில் பார்ப்பதாக மச்சான் ஒப்புக்கொண்டிருக்கிறார்.